ஐஸ் ரூமில் வேர்த்தவர்

என் கணவரின் அக்கா எதையும் நம்ப மாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு இடது கைப் பழக்கம் இருக்கும், சிலருக்குக் கன்னத்தில் குழி விழும், அவருக்கு இது இருந்தது. பாலக்கரையில் எங்கள் மாதா கோயிலின் பக்கக் கதவுக்கு ஒரு திருநாளுக்கு முன்னால் பச்சை வர்ணம் அடித்து, "ஈரம், தொடாதீர்கள்" என்று அட்டை எழுதிக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனோம். அண்ணி என்று நான் கூப்பிடுகிற அவர் மட்டும் நின்று அட்டையைப் படித்தார். பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "ஆமா, ஈரந்தான்" என்று சொல்லி விரலைச் சுவரில் துடைத்துவிட்டுப் பூசைக்குப் போனார். அந்தக் கட்டைவிரல் தடம் பல வருஷம் கதவில் இருந்தது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவோம்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரையே காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன அப்போஸ்தலர் ஒருவர் உண்டல்லவா, அவர் பெயரைத்தான் தெருவில் அண்ணிக்கு வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஒருநாள் பால்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அண்ணி கோபப்படவில்லை. "அவராவது ஆண்டவர்கிட்ட போயி சோதிச்சாரு. நான் உன் பால்ல தண்ணி இருக்கான்னுதானே பாக்குறேன்" என்று சொல்லி, அன்றைக்கும் சொம்புக்குள் விரலை விட்டார்.

நான் மருமகளாக வந்து இறங்கிய அன்றே என்னையும் சோதித்துவிட்டார். என் கல்யாணப் புடவையின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நான் அவ்வளவு கூசவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாயம் போகவில்லை என்று தெரிந்ததும், "நல்ல புடவை. உங்கப்பா ஏமாறலை" என்றார். போகப் போகத்தான் அவரைப் புரிந்துகொண்டேன். அவர் ஒரு தடவை சோதிப்பார். தேறிவிட்டால் சாகிற வரைக்கும் சந்தேகப்பட மாட்டார். என் சமையலை முதல் வாரம் ருசி பார்த்தார், அதற்குப் பிறகு உப்பில்லாத சாம்பாரைக்கூட நம்பிச் சாப்பிட்டார்.

அவருடைய கணவர் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று கூட வேலை பார்த்த ஒருவர் திருச்சிக்கு வந்து சொன்னாராம். எனக்குக் கல்யாணமாவதற்கு வெகு காலத்துக்கு முந்தைய கதை இது. "சொல்றது இருக்கட்டும். காட்டுங்க" என்று அண்ணி கேட்டாராம். அந்த மனிதர் எதைக் காட்டுவார்? தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கோயிலில் இறந்தவருக்காகப் பூசை வைத்தார்கள். அண்ணி அதற்கும் போய் உட்கார்ந்தார், ஆனால் தாலியைக் கழற்றவில்லை. கடைசி வரைக்கும் கழற்றவில்லை. அவருடைய நம்பாமையைப் பார்த்து நாங்கள் எல்லாம் சிரித்திருக்கிறோம். இதை மட்டும் நினைத்துச் சிரித்ததில்லை.

மாமியாரும் அதே காலத்தில் போய்ச் சேர்ந்ததால், கைக்குழந்தையாக இருந்த கடைசித் தம்பியை அண்ணிதான் வளர்த்தார். நான் வரும்போது அவன் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். சாதுவான பிள்ளை. சின்ன வயதிலிருந்தே சாமியாராகப் போக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. ஒரே ஒரு தொந்தரவு, இழுப்பு. வாடைக்காற்று அடித்தால் நெஞ்சில் விசில் ஊதும். கம்பளி பட்டாலோ தும்மலில் ஆரம்பித்து இழுப்பில் போய் நிற்கும். திருச்சியில் கம்பளிக்கு என்ன வேலை? அதனால் அது பெரிதாகத் தெரியவில்லை. படிப்பு முடிந்து, பூசை வைக்கிற சாமியார்களுக்குப் பயிற்சி தருகிற குருமடத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குருமடம் மலைமேல் இருந்தது.

ஆனி மாதம் போனவனைப் பார்க்க ஆவணியில் என் வீட்டுக்காரர் மலை ஏறினார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் உட்கார்ந்தார்.

"மழைக் குளிரே தாங்கலைக்கா. ஆளுக்கு ரெண்டு கம்பளி குடுத்திருக்காங்க. போத்தினா தும்முறான், போத்தாட்டி நடுங்குறான். ரெண்டுலயும் இழுப்பு வந்துடுது. பெரிய சாமியார் நல்லவருதான். இருந்தாலும் சொல்லிட்டாரு, தை மாசக் குளிரு வரைக்கும் பாப்பாங்களாம். அப்பவும் இழுப்பு நிக்கலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"அவன் என்ன சொன்னான்?"

"அழுதான்."

குருமடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன் என்ற பெயர் எங்கள் ஆட்களிடையே லேசில் போகாது. பெயர் போனால் போகட்டும், அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் எனக்கு இருந்தது. அண்ணி அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. மறுநாள் காலையில், "பஞ்சு வச்சு ஒரு போர்வை தைக்கப் போறேன்" என்றார்.

பஞ்சு வைத்த போர்வையைத் திருச்சியில் யார் பார்த்திருக்கிறார்கள்? சித்திரையில் தரையில் தண்ணீர் தெளித்துப் படுக்கிற ஊர் இது. அண்ணியும் பார்த்ததில்லை. பார்க்காததை அவர் எப்படித் தைப்பார்? விசாரித்ததில், என் வீட்டுக்காரரின் பழைய மேலதிகாரி ஒருவர் சிம்லாவில் வேலை பார்த்துவிட்டு வந்து ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார் என்றும், அவர் வீட்டில் அப்படி ஒன்று உண்டு என்றும் தெரிந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஜட்கா பிடித்துக் கொள்ளிடக்கரைப் பக்கத்து அந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கொல்லையில் கொடியில் அந்தப் பஞ்சுப் போர்வை, ரஜாய் என்று அதற்குப் பெயராம், வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு மாமி ஈரப்புடவையோடு கிணற்றடியில் நின்றார். நாங்கள் தொடலாமா கூடாதா என்று தயங்கினோம்.

"நன்னா தொட்டுப் பாருங்கோ" என்றார் மாமி. "அது விழுப்புதான். நான்தான் மடியா இருக்கேன், கிட்ட வரமாட்டேன்."

குளித்த சுத்தம் கெடும் என்று சொந்தக்காரியே தொடமுடியாத பொருளை நாங்கள் இருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அண்ணி தையலை விரலால் அளந்தார், மூலையைக் கசக்கினார், தோளில் போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உள்ள என்ன இருக்குங்க?"

"பஞ்சுதான், வேறென்ன."

"ஒரு ஓரத்துல தையலைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துட்டு, நானே திருப்பித் தச்சுக் குடுத்துடறேனே."

"ஐயையோ, பிரிக்கப்படாது. அவர் ஆசை ஆசையா வாங்கிண்டு வந்தது."

அண்ணி அத்தோடு விட்டுவிட்டார். என் நினைவில், அவர் பிறர் வாய்ச்சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தது அந்த ஒரு முறைதான். அதற்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

துணி சேர்க்கும் படலம் ஆரம்பமானது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அவன் மூக்குக்கு ஆகாது, துவைத்துத் துவைத்துப் பழசான துணிதான் வேண்டும் என்று வீடு வீடாகப் போனார். கொடுத்த துணியை வாங்கி, கொடுத்தவர் முன்னாலேயே இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். கிழிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கிழியாவிட்டால் வைத்துக்கொள்வார். தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கையும் வேட்டியும் இப்படிக் கிழிந்தன. பின்தெரு ராவுத்தர் வீட்டு அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு பழைய கைலியை நீட்டி, "இழுங்க பாக்கலாம்" என்றார். அண்ணி இழுத்தார், ராவுத்தர் வீட்டம்மா மறுபக்கம் பிடித்து இழுத்தார், கைலி கிழியவில்லை. போர்வையின் நடுவில் அது போய் உட்கார்ந்தது. என் கல்யாணப் புடவையையும் அண்ணி ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மாமியாரின் பழைய உறையூர்ச் சேலை ஒன்று இருந்தது. அதையும் சதுரம் சதுரமாக வெட்டினார். எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, உசிரோட இருக்கிற புள்ளைக்கு ஒட்டுப்போட்ட கந்தலைக் குடுக்கலாமா? அதுலயும் செத்தவங்க சேலை. பிச்சைக்காரன் போர்வை மாதிரில்ல இருக்கு."

"எங்கம்மா சேலை அவனுக்குக் கெடுதல் பண்ணுமா, பெரியம்மா?"

"அப்படிச் சொல்லலை. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கட்டும். பாத்துடுவோம்" என்றார் அண்ணி. கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

பஞ்சு வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போனோம். மெத்தைக் கடை பாய் எங்களை வரவேற்று, பளபளவென்று இருந்த ஒரு பஞ்சை எடுத்துக் காற்றில் ஊதினார். "முதல் தரமான இலவம்பஞ்சு. இது மாதிரி குளிர்ச்சி வேற எதுலயும் வராதும்மா" என்றார். அண்ணி கைநிறைய அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்று என் கன்னத்திலும் வைத்தார். எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தோம்.

இதைப் படிக்கிற நீங்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். ஆனால் திருச்சிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்லது நடந்தால் எங்களுக்கு வயிறு குளிரும், பிள்ளையைக் கண் குளிரப் பார்ப்போம், யாரையாவது வாழ்த்தினால் மனம் குளிர்ந்து வாழ்த்துவோம். சூடு என்பது எங்களுக்கு ஒரு வியாதி. அதற்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், இளநீர் குடிப்போம். பஞ்சு என்று மாமி சொன்னதும் எங்கள் காதில் இலவம்பஞ்சு என்று விழுந்ததற்கும், குளிர்ச்சி என்று பாய் சொன்னதும் நாங்கள் இருவரும் தலையை ஆட்டியதற்கும் இதுதான் காரணம்.

புரட்டாசி முழுவதும் தைத்தார். கான்வென்ட்டில் படித்த கை, நூலோட்டம் வரிசை பிசகாது. ஒவ்வொரு தையலையும் போட்டதும் இழுத்துப் பார்ப்பார். அறுந்தால் மறுபடி போடுவார். முடிந்ததும் அதைத் தரையில் விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, சோதிக்காமல் கொடுக்கமாட்டார். ஆனால் ஐப்பசிப் புழுக்கத்தில் போர்வையை எங்கே போய்ச் சோதிப்பது?

ரயிலடிப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரி இருந்தது. அதில் மேஸ்திரியாக இருந்தவர் எங்கள் கோயில்காரர். ஒரு மத்தியானம் போர்வையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி அவர் முன்னால் போய் நின்றார். விஷயத்தைக் கேட்டு மேஸ்திரி திணறிப் போனார்.

"இது மீனு வைக்கிற ரூமுங்கம்மா."

"மீனுக்குக் குளிரும்னா எனக்கும் குளிரும்ல. கதவைத் திறங்க."

உமியும் ஐஸ் பாளங்களுமாக இருந்த அந்த அறைக்குள், கோணியை விரித்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நானும் மேஸ்திரியும் வெளியே வேர்வை வழிய நின்றோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம். திறந்தால் அண்ணி உதடு நீலம் பூத்து, பல் தந்தியடிக்க வந்தார். பஞ்சு எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடியிருந்தது, நெஞ்சுப் பக்கம் வெறும் துணிதான்.

"உள்ள என்ன பஞ்சும்மா வச்சீங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இலவம்பஞ்சு" என்றேன் நான்.

"நல்ல பஞ்சாச்சே. குளிர்ச்சின்னா அதுதானே குளிர்ச்சி."

அண்ணி அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா," என்றார் நடுங்கிக்கொண்டே, "குளிருக்குத் தைக்கிற போர்வைக்குள்ள நாம எதை வாங்கி அடைச்சிருக்கோம்?"

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மேஸ்திரியும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. ஐஸ் பேக்டரி வாசலிலிருந்தே ஸ்ரீரங்கத்துக்கு வண்டி பிடித்தார்.

மாமி இந்தத் தடவையும் மடியாகத்தான் இருந்தார், புடவை மட்டும் காய்ந்திருந்தது. அண்ணி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். தம்பியின் இழுப்பு, தை மாசக் கெடு, ஐஸ் ரூம், எதையும் விடவில்லை. மாமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய், ரஜாயைத் தானே எடுத்துக்கொண்டு வந்து அண்ணியின் மடியில் போட்டார். ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் வைத்தார்.

"பிரிச்சுப் பாருங்கோ. இதைத் தொட்டாச்சு, இனிமே நான் எப்படியும் குளிச்சாகணும்" என்றார்.

அண்ணி ஓரத்தில் ஒரு விரல் போகிற அளவுக்குத் தையலைப் பிரித்தார். விரலை உள்ளே விட்டுக் கொஞ்சம் இழுத்தார். வந்தது பருத்திப் பஞ்சு, சாதாரணமான, விளக்குத் திரிக்கு உருட்டுகிற பருத்திப் பஞ்சு. அண்ணியின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. பிரித்த இடத்தை அங்கேயே தைத்துக் கொடுத்தார். மாமி அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "கடைத் தையலைவிட நன்னா இருக்கே" என்றார்.

போர்வை முழுவதையும் பிரித்து, இலவம்பஞ்சை உதறிவிட்டு, பருத்தியை மெல்லிய விரிப்பாகப் பரப்பி, பஞ்சு நகர இடமில்லாமல் நெருக்கி நெருக்கித் தைத்தார். இலவம்பஞ்சில் எனக்கு ஒரு தலையணை கிடைத்தது. கார்த்திகை பிறந்ததும் மறுபடி ஐஸ் பேக்டரி. மேஸ்திரி இப்போது எதுவும் கேட்காமல் கதவைத் திறந்தார். அண்ணி உள்ளே போய்ப் படுத்தார். நேரம் போனது. தட்டும் சத்தம் வரவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஏதாவது ஆயிடுச்சுன்னா என் வேலையே போயிடும்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் கதவைத் தள்ளினார்.

அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஆளுயர ஐஸ் பாளங்கள், நடுவில் அவர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது. முதலில் ஐஸ் தண்ணீர் சொட்டியிருக்கிறது என்று நினைத்தேன். துடைத்தால் மறுபடி அரும்பியது. வேர்வை. மேஸ்திரி தன் கையாலும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன புழுக்கம், கதவைத் திறந்து வைங்க" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. அந்தக் கதை மாலைக்குள் பாலக்கரை முழுவதும் பரவிவிட்டது.

அந்த வாரமே அண்ணியும் நானும் என் வீட்டுக்காரரும் மலை ஏறினோம். குருமடத்தின் பெரிய சாமியார் பிரெஞ்சுக்காரர், வெள்ளைத் தாடி, அச்சடித்தது போலத் தமிழ் பேசுவார். போர்வை மூட்டையைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"மன்னியுங்கள், அம்மா. இங்கே வீட்டுப் பொருள் எதையும் நாங்கள் அனுமதிப்பதில்லை. ஏழ்மையை விரும்பி வந்தவர்கள் இவர்கள். ஒருவனுக்கு மட்டும் சொகுசு தரலாகாது."

என் வீட்டுக்காரர் மூட்டையைத் திரும்ப எடுக்கக் குனிந்தார். அண்ணி அதை அவர் கையிலிருந்து வாங்கி, பார்வையாளர் கூடத்தின் பெரிய மேஜை மேல் விரித்தார்.

"சாமி, இது எங்க தெரு கந்தலு. ஒருத்தருக்கும் வேணாம்னு போனது. இதைப் பிச்சைக்காரன் போர்வைன்னே சொல்லிட்டாங்க. இதுல புதுத் துணி ஒரு விரக்கடை இருந்தா காட்டுங்க, நானே திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு மூலையில் ஆரம்பித்தார். நைந்த வேட்டி, வெளுத்த ரவிக்கை, சாயம் போன கைலி என்று விரலை நகர்த்திக்கொண்டே போனார். அந்த விரலை அண்ணி எவ்வளவு பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் பார்த்தேன். உறையூர்ச் சேலைச் சதுரத்தில் வந்து நின்றார்.

"இது?"

"எங்கம்மாவோடது."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மடத்திலேயே இதைவிட ஏழையான பொருள் எங்களிடம் கிடையாது" என்று சொல்லி, போர்வையைத் தன் கையாலேயே மடித்தார்.

அதற்குப் பிறகு தைக்குக் காத்திருந்தோம். மார்கழிக் குளிர் திருச்சியிலேயே அந்த வருஷம் கொஞ்சம் உறைத்தது. நாங்கள் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கோணிச் சாக்கை எடுத்தோம். அண்ணி ஒரு நாளும் தம்பியைப் பற்றிப் பேசவில்லை. மலையிலிருந்து வந்த யாரோ அவன் சுகமாக இருக்கிறான் என்று சொன்னபோதுகூட, "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தை பாதியில் மறுபடி போனோம். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. பெரிய சாமியார் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, உங்கள் தம்பி தங்குகிறான். இழுப்பு ஒரு நாளும் வரவில்லை. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்."

என் வீட்டுக்காரர் கைகூப்பினார். எனக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அண்ணி மட்டும் சாமியாரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். வெள்ளை அங்கியில் அவன் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தான், கூடவே நாலைந்து குருமாணவர்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். "அக்கா, நான் நல்லா இருக்கேன்க்கா" என்றான்.

அண்ணி நேரே போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் முதுகில் காதை வைத்தார்.

"மூச்சை இழு" என்றார்.

அவன் காது வரைக்கும் சிவந்துபோய் மூச்சை இழுத்தான். பெரிய சாமியாரும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தரம்."

இழுத்தான். விட்டான். அண்ணி காதை எடுக்கவில்லை. வலது பக்கம் வைத்துக் கேட்டார், இடது பக்கம் வைத்துக் கேட்டார். அவர் கண்கள் மூடியிருந்தன.

"என்னக்கா கேக்குது?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலை" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு, அவன் முதுகில் வைத்த காதை எடுக்காமலே சிரிக்க ஆரம்பித்தார்.